துணிப்பூவைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

கடைக்கு வருகிறவர்களில் வாங்குகிறவர், வாங்காதவர் என்று இரண்டே ரகம்தான் உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பாயில் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். மூன்றாவது ரகம் ஒன்றை நான் காட்டுகிறேன். அவர் வாங்கவும் மாட்டார், பேசாமல் நகரவும் மாட்டார். பொருளைக் கையில் எடுப்பார், திருப்பி அதன் முதுகைப் பார்ப்பார், ஒரு சின்னப் புன்னகை புரிவார், பிறகு சொல்வார்: "இதை நானே செஞ்சுடுவேன்."

இவரைப் பற்றி யாராவது எழுதியே ஆகவேண்டும். நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வர்சினி. ஜாவாவின் சோலோ நகரத்தில், ஞாயிறு காலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை இஷ்டத்துக்கு நடக்கவிடுகிறார்களே, அந்தப் பெரிய வீதியின் ஓரத்தில் பாய் விரித்து, மெழுகால் கோலம் எழுதிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணியில் தைத்த ப்ரூச் விற்கிறேன். முக்காட்டின் மடிப்பில், கெபாயா ரவிக்கையின் மார்பில், கைப்பையின் வாரில், எங்கே வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். செய்முறையில் ஒளிவு மறைவு கிடையாது. துணியை வட்டமாக வெட்டவேண்டும், ஓரத்தை மடித்து நூல் ஓட்டவேண்டும், நூலை இழுத்தால் துணி சுருங்கிப் பூவாகும், நடுவில் ஒரு மணி, பின்னால் ஒரு வட்டக் கம்பளித் துண்டு, அதில் ஒரு ஊசி. அவ்வளவுதான்.

நம்மவர் நேராக வரமாட்டார். முதலில் பக்கத்துப் பாயில் வறுத்த வாழைப்பழத்தை விலை கேட்பார், அங்கிருந்தே ஓரக்கண்ணால் என் பூக்களை எடை போடுவார், தற்செயலாக இடறி விழுந்தவர்போல என் முன்னால் குந்துவார், இருப்பதிலேயே கஷ்டப்பட்டுத் தைத்த பூவைப் பார்த்து எடுப்பார், விரலால் அளப்பார், இதழை எண்ணுவார், வெயிலில் தூக்கிப் பிடிப்பார், தள்ளி நிற்கும் கணவரைக் கூப்பிட்டு "இங்க பாருங்க, வெறும் வெட்டுத்துணி" என்பார், கைபேசியை எடுத்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, சாய்த்து ஒன்று என்று பாஸ்போர்ட் எடுப்பதுபோல் படம் எடுப்பார். பூவைத் திரும்ப வேறு இடத்தில் வைப்பார்.

"ஏம்மா, இது எவ்வளவு?"

"பதினஞ்சாயிரம் ருபியா, அக்கா."

"இந்தத் துண்டுத் துணிக்கா?"

"துணிக்கு ஒண்ணும் வேண்டாம். துணி சும்மா. பூவுக்குத்தான் காசு."

"அஞ்சு நிமிஷ வேலை."

"ஆமாக்கா. உக்காருங்க, ஊசி நூல் தர்றேன்."

"இப்ப இல்ல. வீட்டுக்குப் போய் செஞ்சுக்கறேன்."

இந்த வீடு இருக்கிறதே, அதை ஒரு நாள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அங்கேதான் குச்சியில் குத்திச் சுட்ட கறி விற்கிற சாத்தே கடையில் சாப்பிட்டு முடித்து "கடலைச் சாந்து இதைவிட நல்லா நானே அரைப்பேன்" என்று ஒதுக்கின சாந்து எல்லாம் அரைபடுகிறது. அங்கேதான் தச்சன் கடையில் "நாலு கட்டை, எட்டு ஆணி" என்று கணக்குச் சொல்லிவிட்டு வந்த நாற்காலி எல்லாம் தயாராகிறது. ஆண்களில் இந்த ரகம் இல்லையா என்று கேட்காதீர்கள். ஓடு மாற்றுகிறவன் உச்சி வெயிலில் கூரைமேல் நிற்க, கீழே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு "ஏணி மட்டும் இருந்தா நானே பண்ணியிருப்பேன்" என்று சொல்லாத ஆண்பிள்ளை எங்கள் சந்தில் பிறக்கவில்லை. அந்த ஏணியைக் கொண்டுவந்து கொடுத்துப் பாருங்கள், அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

அந்த வீட்டை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். எங்கள் சந்திலேயே இருக்கிற இபு குஸ்ரினியின் வீடு அது (இபு என்றால் அம்மா, பெரியவர்களை அப்படித்தான் அழைப்போம்). பீரோவின் மேல்தட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. உள்ளே பிஸ்கட் கிடையாது. பாதி பின்னிய தொப்பி, ஒரு காதுக்கு மட்டும் செய்த தோடு, கழுத்து மட்டும் தைத்த குழந்தைச் சட்டை (அந்தக் குழந்தை இப்போது காலேஜ் போகிறது), அடியில் ஈரமேறிக் கெட்டியான பசை. நான் பார்ப்பதைப் பார்த்து, "எல்லாம் செய்யத் தெரியும், வர்சி. நேரம்தான் இல்ல" என்றார்.

இந்த ரகத்தால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. எதுவரைக்கும்? சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும். ஒரு நாள் நிஜமாகவே செய்யத் தொடங்கிவிடுகிறார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் சந்தில் தார்மி என்று ஒருத்தி, என் உயிர்த்தோழி. அவள் மகள் லாரஸுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நிச்சயமாயிற்று என்று சொல்லும்போதே தார்மி மரத்தைத் தொட்டுக்கொள்வாள், ஏனென்றால் மாப்பிள்ளையின் அம்மா இபு பூர்வந்தி ஏற்கெனவே ஒரு தடவை, பையனும் பெண்ணும் பிறந்த நாட்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, சரிப்படவில்லை என்று நாளைத் தள்ளிப்போட்டிருந்தார். சகுனம் பார்க்கிறவர். இன்னொரு அபசகுனம் அவர் கண்ணில் பட்டால் கல்யாணம் அத்தோடு சரி. லாரஸ் அந்தப் பையனைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

சந்துப் பெண்களின் மாதக் கூட்டம் தார்மி வீட்டில் நடந்தது. வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்கப் போகிற நாங்கள் முப்பது பேரும் ஒரே மாதிரி உடுத்துவது வழக்கம். இந்தத் தடவை வெண்ணெய் நிறக் கெபாயா. அதற்குப் பொத்தான் கிடையாது, மார்பில் ஒரு ப்ரூச் குத்தித்தான் மூடவேண்டும்.

"ப்ரூச் வர்சிதான் தைக்கப்போறா" என்றாள் தார்மி. "லாரஸுக்கு மொத சட்டை தச்சவளும் அவதான்."

அந்தப் பெண் கல்யாணத்தில் என் கைவேலை நிற்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறென்ன கேட்டேன் நான்?

இபு குஸ்ரினி டீயைக் கீழே வைத்தார். "இதுக்குப் போய் வெளியில குடுப்பாங்களா? நானே செஞ்சுடறேன். என் மொய்யா வச்சுக்கோ, தார்மி."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளி என்றால் நான்தான்.

தார்மி என்னைப் பார்த்தாள். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. தலையாட்டிச் சரி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் வேகிறதுதான் மரியாதை. நாங்கள் எல்லோரும் மரியாதையானவர்கள், ஆகவே எல்லோரும் சரி என்றோம். அன்று வீட்டுக்கு வந்து நான் பாத்திரங்களைக் கழுவின சத்தம் கேட்டு என் கணவர் சாப்பாடே கேட்கவில்லை.

அதன் பிறகு இபு குஸ்ரினி என் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கினார். கேட்பதற்கு அல்ல, சும்மா பார்ப்பதற்கு. சும்மா பார்க்க வந்து வட்டம் வரைகிற தகர மூடியை எடுத்துப் போனார். சும்மா பார்க்க வந்து மணிகளை எடுத்துப் போனார். ஊசியும் போயிற்று.

"துணி வேணும்னா, கெபாயாவுக்குத் தோதா பார்த்துத் தர்றேன்" என்றேன். வலியப் போய்க் கேட்டவள் நான்தான், கிடைத்த பதில் எனக்கு நன்றாக வேண்டும்.

"உன் கந்தல் எதுக்கு வர்சி? நான் புதுசாவே வாங்கிட்டேன். அச்சடிச்ச துணிதான், ஆனா டிசைன் பிரமாதம்."

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம். தார்மி வீட்டு வாசலில் வாழைக்குலையும் கரும்பும் தென்னங்குருத்தும் கட்டியாகிவிட்டது. உள்ளே நாங்கள் இலை மடித்துக்கொண்டிருந்தோம். இபு குஸ்ரினி வந்தார், கையில் அதே பிஸ்கட் டப்பா. வரலாற்றில் முதல் முறையாக முடிந்துபோன வேலையோடு அது வெளியே வந்திருந்தது. எனக்குக்கூட ஒரு கணம் மரியாதை வந்தது, பொய் சொல்வானேன்.

மூடியைத் திறந்தார். எல்லோரும் "அடடா" என்றார்கள், மரியாதைக்கு. நானும் எட்டிப் பார்த்தேன். கையிலிருந்த இலை கீழே விழுந்தது.

கறுப்பும் வெளுப்புமாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிய முக்கோணங்கள். ஸ்லோபோக். இறந்தவர்மேல் போர்த்துகிற கோலம் அது, துக்கத்துக்குப் போகிறவர்கள் உடுத்துகிற கோலம். போகிறவருக்கு வழி விசாலமாக இருக்கட்டும் என்று அர்த்தம். அதை முப்பது பூவாகத் தைத்திருந்தார், ஒவ்வொரு பூவிலும் முக்கோணம் சரியாக நடுவில் தெரிகிற மாதிரி பார்த்துப் பார்த்து.

"இது என்ன கோலம்னு தெரியுமாக்கா?" என்றேன்.

"கடைக்காரன் பழைய காலத்து அசல் டிசைன்னு சொன்னான்."

"அசல்தான். எங்க மாமனார் போனப்போ இதைத்தான் போர்த்தினோம்."

தார்மி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இபு குஸ்ரினியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த ரகத்தின் முகம் எவ்வளவு நேரம் அப்படி இருக்கும்?

"கையால மெழுகு போட்டு எழுதினாத்தான் அந்த அர்த்தமெல்லாம்" என்றார். "இது மெஷின்ல அடிச்சது. மெஷினுக்கு சாவு ஏது?"

"சம்பந்தியம்மா வீட்டுல தலைமுறை தலைமுறையா மெழுகு வேலைதான் குஸ்ரினிக்கா" என்றாள் தார்மி. "தெருமுனையிலேயே கண்டுபிடிச்சிடுவாங்க. வண்டியத் திருப்பச் சொல்லிடுவாங்க. எம்பொண்ணு என்னடி பண்ணுவா, வர்சி?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கூட்டத்தில் என்னை வெளி ஆக்கினவர் எல்லோர் முன்னாலும் இப்படி நிற்கிறார். இருந்தது, ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்துக்கு. அப்புறம் தார்மியைப் பார்த்தேன், கையிலிருந்த இலையை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, கோபம்தான் மிஞ்சியது. டப்பாவிலிருந்து ஒரு பூவை எடுத்து நூலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன்.

மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அவர் முடிச்சே போட்டிருக்கவில்லை. பின்பக்கக் கம்பளித் துண்டும், பசை கெட்டுப்போன பசை என்பதால், வெயிலில் காய்ந்த அப்பளம்போல் உரிந்து விழுந்தது. மடியில் துணி வட்டமாகக் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளையாக.

மெழுகு போட்டுச் சாயத்தில் முக்கின துணிக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம். அச்சடித்த துணிக்கு முதுகில் ஒன்றும் இருக்காது. இது கெட்டித் துணி வேறு, கோலத்தின் நிழல்கூடத் தெரியவில்லை. அது மட்டும் அசல் பாத்திக் துணியாக இருந்திருந்தால் அன்றைக்கு எங்கள் கதை முடிந்திருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாக மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதே வட்டத்தைத் தலைகீழாக வைத்து, ஓரம் மடித்து, நூல் ஓட்டி இழுத்தேன். முக்கோணங்கள் எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. வெளியே வெள்ளைச் சுருக்கம், நடுவில் மணி. அச்சாக மல்லிகை. மணப்பெண் தலையில் வைக்கிற அதே மல்லிகை.

"ஊசி எடுங்கடி" என்றாள் தார்மி. அத்தனை பேரும் இலையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். பிரிப்பதற்கு ஒரு சிரமமும் இல்லை, அந்தப் புண்ணியம் இபு குஸ்ரினியைச் சேரும். அவர் தைத்தாரா என்கிறீர்களா? மேற்பார்வை பார்த்தார். "சுருக்கம் இன்னும் நெருக்கமா வரணும்" என்றார். "நானும் மொதல்லேர்ந்தே வெள்ளையாத்தான் பண்ணலாம்னு இருந்தேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். மரியாதை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நாங்கள் வாசலில் இரண்டு வரிசையாக, மார்பில் மல்லிகையோடு. வரிசைக்கு முதலில் யார் நின்றார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பையனுக்கு முன்னால் இபு பூர்வந்தி வந்தார், வாழைக்குலையைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், எங்கள் பாவாடைக் கோலத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இபு குஸ்ரினியின் முன்னால் நின்றார்.

"மல்லிகையா? நல்லாருக்கே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதாவது. நானே செஞ்சேன்."

இபு பூர்வந்தி குனிந்தார். இரண்டு விரலால் பூவின் ஓரத்தைப் பிடித்தார். மெதுவாகத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

எனக்குத் திக்கென்றது. என் பாயில் வாராவாரம் பார்க்கிற அதே திருப்பல் இல்லையா அது? ஆனால் அதை நினைத்துப் பார்க்கக்கூட இபு குஸ்ரினி விடவில்லை. பெருமை தலைக்கேறி, ப்ரூச்சைக் கழற்றி, ஒரு கையால் கெபாயாவைப் பொத்திக்கொண்டு, நகத்தை நூலுக்கு அடியில் கொடுத்தார்.

"ரொம்ப சுலபம். உள்ள எப்படி மடிக்கணும்னு பிரிச்சே காட்டறேன், பாருங்க."

பிரித்தால் உள்ளே சாவுத்துணி. தார்மியின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. பின்னால் மாப்பிள்ளை வெயிலில் நிற்கிறான், உள்ளே லாரஸ் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இந்த அம்மாள் பாடம் நடத்துகிறாள். நல்லவேளை, அந்தப் பூவுக்கு முடிச்சு போட்டது நான். நகம் வழுக்கியது. மறுபடியும் கொடுத்தார். நூல் கொஞ்சம் தூக்கியது.

"வேண்டாம், வேண்டாம்" என்றார் இபு பூர்வந்தி. அடுத்தவர் காட்டித் தெரிந்துகொண்டால் தனக்குக் கௌரவக் குறைச்சல் என்பதுபோல் கையை அசைத்தார். "அதெல்லாம் பார்த்தாலே தெரியுது. ஒரு வட்டம், ஒரு நூல். இதை நானே செஞ்சுடுவேன்."

கைபேசியை எடுத்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, சாய்த்து ஒன்று. உள்ளே போனார். பையன் பின்னாலேயே போனான். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவன் சம்மதம் சொல்கிற குரல் கேட்டது, தார்மி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், நானும் அழுதேன். இந்த ரகத்தை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது அவர்கள்தான், கெடுத்தவரும் காப்பாற்றியவரும் ஒரே ரகம்.

எங்களுக்குப் பக்கத்தில் இபு குஸ்ரினி ப்ரூச்சை மறுபடி குத்திக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன வர்சி இந்த அம்மா? ஒரு வட்டம் ஒரு நூலாம். எவ்வளவு வேலை இருக்கு இதுல. தைக்கறவங்களுக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம்?"

"ஆமாக்கா" என்றேன். வேறென்ன சொல்வது?

சரி, உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். தொடக்கத்தில் நான் செய்முறை சொன்னேனே, வட்டமாக வெட்டு, நூலை ஓட்டு, இழு, மணி வை, ஊசி வை என்று, அந்த வரியைப் படித்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? 'அவ்வளவுதானா' என்று ஓடியதா, இல்லையா? வீட்டில் கிடக்கிற பழைய புடவை ஒன்று ஞாபகத்துக்கு வந்ததா, இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டாம். எழுந்து போய், யாரும் பார்க்காதபோது, உங்கள் பீரோவின் மேல்தட்டில் இருக்கிற பிஸ்கட் டப்பாவை இறக்கித் திறந்து பாருங்கள்.

உள்ளே பிஸ்கட் இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்.